பத்து நாளைக்கு ஒரே காக்கை

கேள்வி இதுதான்: "எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கவிதைப் போட்டி வைத்தால் எப்போதும் அதே நாலு பேர்தான் எழுதுகிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வகுப்பு முழுவதையும் தினமும் கவிதை எழுதும் பழக்கத்துக்குக் கொண்டுவர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்திருக்கிறேன். அதில் முதல் ஏழெட்டு ஆண்டுகள் நானும் இதைத் தப்பாகத்தான் செய்தேன். அதனால் எது வேலைக்கு ஆகாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் போட்டியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். போட்டி கெட்டது என்று சொல்லவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் தலைப்புகள்தான் பிரச்சினை. 'மரம் வளர்ப்போம்', 'அன்னையைப் போற்றுவோம்', 'தமிழின் பெருமை'. இந்தத் தலைப்பைக் கேட்டதுமே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், பெரியவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று. அவன் பார்த்த மரம் எதுவும் அந்தத் தாளில் வராது. 'மரமே நீ வரமே' என்று ஒரு வரி வரும். அதை அவனுக்கு முன்னால் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். அதையும் எழுதத் தெரியாதவன், கவிதை எனக்கு வராது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடுவான். அந்த முடிவை மாற்ற நமக்கு ஒரு வருடம் ஆகும்.

அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் தெய்வம் என்பார்கள். அதையே "நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கை என்ன செய்துகொண்டிருந்தது? அதை மட்டும் மூன்று நான்கு வரியில் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் அதுவரை கவிதையே எழுதாத ஒரு மாணவி அன்றைக்கு எழுதியது:

பூ கட்டும்போது
அம்மா பேசமாட்டாள்.
கண்ணி எண்ணுகிறாளாம்.
நான் பேசினால் ஒரு முழம் குறையும்.

இதில் உவமை இல்லை, எதுகை இல்லை. 'அம்மா கஷ்டப்படுகிறாள்' என்ற வாசகமும் இல்லை. ஆனால் அந்த வீடு தெரிகிறது. அன்றைக்கு நான் செய்தது கேள்வியை மாற்றியது ஒன்றுதான். தினமும் கவிதை என்றால் தினமும் ஒரு பொருளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பது. எழுதுவது அதற்குப் பின்னால் தானாக வரும் காரியம். வகுப்பை இந்த அடிப்படையில் அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இது நம் பழைய கவிஞர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சங்க நூலான குறுந்தொகையில் சில புலவர்களின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதிய ஒரு காட்சியே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. ஆள் இல்லாமல் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். குப்பைமேட்டில் யாரும் ஏவிவிடாமல், விலக்கிவிடவும் ஆளில்லாமல் சண்டை போடும் கோழிகளைச் சொன்னவர் குப்பைக்கோழியார். யானை வளைத்த மூங்கில், அது விட்டதும் மீன் மாட்டிய தூண்டில்போல விசுக்கென்று மேலே எழுவதைப் பார்த்தவர் மீனெறி தூண்டிலார். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டிபோல் தெரியும் காட்டில், இரவில் காயும் நெடிய வெண்ணிலவைக் கூப்பிட்டுப் பாடியவர் நெடுவெண்ணிலவினார்.

முதல் நாள் இதைக் கதையாகச் சொல்லுங்கள், பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவர் குப்பைமேட்டுக் கோழியைப் பார்த்தார், அதுவே அவர் பெயராக இன்றுவரை நிற்கிறது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் தெருவிலும் குப்பைமேடும் கோழியும் இருக்கின்றன. அப்புறம் கேளுங்கள்: "இன்றைக்குப் பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஒரு காட்சியால் உனக்குப் பெயர் வைப்பதென்றால் என்ன பெயர்?" எங்கள் வகுப்பில் 'பஞ்சர்க்கடைத் தொட்டியார்', 'ஒற்றைச் செருப்பார்' என்றெல்லாம் வந்தது. எதற்காக அந்தப் பெயர் என்று விளக்கச் சொன்னால் அந்த விளக்கமே முதல் கவிதை. பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கும்போது குமிழி வரும் இடத்தைக் கடைக்காரர் விரலால் பிடிக்கிறாரே, அதைத்தான் அந்தப் பையன் பார்த்திருக்கிறான்.

சரி, ஒரு நாள் எழுதவைத்தாகிவிட்டது. தினமும் என்பதற்கு என்ன வழி?

எனக்குக் கைகொடுத்தது இன்னொரு சங்க நூலான ஐங்குறுநூறு. 500 பாட்டு, ஐந்து புலவர்கள், ஆளுக்கு 100. எல்லாம் மூன்று முதல் ஆறு அடிதான். அந்த நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். பல பத்துகளுக்கு ஒரே பொருள்தான்: எருமைப் பத்து, களவன் பத்து, குரக்குப் பத்து, மஞ்ஞைப் பத்து, கிள்ளைப் பத்து. குரக்கு என்றால் குரங்கு, மஞ்ஞை மயில், கிள்ளை கிளி, களவன் நண்டு. நண்டை வைத்துப் பத்துப் பாட்டு! அதில் கடற்கரைத் திணையான நெய்தலைப் பாடிய அம்மூவனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாட்டுக்கும் முதல் இரண்டு அடி ஒன்றேதான். குருகின் குஞ்சைப் பார்க்கப் போன நாரை என்று ஒவ்வொரு தடவையும் அதே தொடக்கம். மூன்றாம் அடியிலிருந்துதான் பாட்டு வேறு திசையில் போகிறது.

ஒரு வகுப்புக்கு இதைவிட நல்ல அமைப்பு வேண்டுமா? பத்து வேலை நாள், அதாவது இரண்டு வாரம், ஒரே பொருள். வகுப்பே கூடித் தேர்ந்தெடுக்கட்டும். காக்கைப் பத்து, பேருந்துப் பத்து, குழாயடிப் பத்து, மழைப் பத்து, மணி அடிக்கும் தாத்தா பத்து. தினமும் அந்தப் பொருளைப் பற்றி மூன்று வரி.

இதில் நடக்கும் ஒரு விஷயத்தை நீங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். முதல் மூன்று நாள் எல்லாரும் தெரிந்ததை எழுதுவார்கள். காக்கை கறுப்பு, காக்கை கரையும், காக்கை கூடி உண்ணும். நாலாம் நாள் சரக்கு தீர்ந்துவிடும். "சார், எழுத ஒண்ணும் இல்லை" என்று நிற்பார்கள். அந்த இடத்தில் பொருளை மாற்றிவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் பயந்துபோய் மாற்றிவிடுவேன், அதனால் எல்லாமே மேலோட்டமாக நின்றது. மாற்றாமல் இருந்தால் ஐந்தாம் நாள் அவர்கள் நிஜமாகவே காக்கையைப் பார்க்கத் தொடங்குவார்கள். வேறு வழியே இல்லை. சத்துணவுக் கூடத்துப் பின்னால் நின்று பார்ப்பார்கள். காக்கை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பதும், காய்ந்த சோற்றைத் தண்ணீரில் நனைத்துத் தின்பதும் அப்போதுதான் நோட்டில் வரும். ஏழாம் நாள், எட்டாம் நாள் கவிதைகளை நான் ஆசையோடு காத்திருந்து படிப்பேன். பேருந்துப் பத்தில் எட்டாவது நாள் வந்தது இது:

ஜன்னல் வழியே பையைப் போட்டேன்.
பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.
என் பைக்கு இடம் கிடைத்தது.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது. தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று எவ்வளவு கழித்தாலும் பதினைந்து 'பத்து' தேறும். ஒரு பிள்ளைக்கு 150 கவிதை. எல்லாம் நன்றாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. தினமும் எழுதுவதில் இருக்கும் பெரிய நிம்மதியே அதுதான். இன்றைக்குச் சரியாக வராவிட்டால் நாளைக்கு ஒன்று இருக்கிறது.

மூன்று வரி என்ற அளவைக் குறைவாக நினைக்காதீர்கள். 1916-லேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி அந்தச் சுருக்கத்தை மெச்சியிருக்கிறார். ஆனால் ஜப்பானிய ஹைக்கூ மாதிரி வரிக்கு ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணவைக்காதீர்கள். தமிழில் விகுதியும் வேற்றுமையும் ஒட்டிச் சொல் நீண்டுவிடும், பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு விரலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து அதனால் பலன் எதுவும் வந்ததில்லை.

சொல் வராமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வரியை நாம் இலவசமாகக் கொடுத்துவிடலாம். தொடக்கத்தைக் கொடுப்பது அம்மூவனார் வழி. முடிவைக் கொடுப்பதும் நம் மரபில் உண்டு. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்களே, அதுதான். மார்கழியில் ஊரெல்லாம் கேட்கும் திருப்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்றாக முப்பது பாசுரம், முப்பதும் 'ஏலோர் எம்பாவாய்' என்றுதான் முடியும். இருக்கையைப் போட்டு வைத்தாகிவிட்டது, வந்து உட்கார வேண்டியதுதான். பறவை சத்தம் போட்டதை ஒரு நாள், வெள்ளி முளைத்ததை ஒரு நாள், எருமை மேயப் போனதை ஒரு நாள் என்று விடியற்காலையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறாள் ஆண்டாள். என் வகுப்பில் 'அப்போது மணி அடித்தது' என்ற ஒரே ஈற்றடியை இரண்டு வாரம் ஓட்டினோம். தமிழ் எழுதவே சிரமப்படும் பிள்ளைகள்கூட இரண்டு வரி எழுதிவிட்டு, மூன்றாவதைக் கூட்டமாகச் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள்.

நேரம் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் அதே பத்து நிமிடமாக இருக்க வேண்டும். வருகைப் பதிவு எடுத்து முடித்த உடனே என்று நான் வைத்திருந்தேன். தனி நோட்டு, நாற்பது பக்கம், விலை குறைவானதாக இருக்கட்டும். அட்டை போட்டுப் படம் ஒட்டிய அழகான நோட்டு என்றால் அதில் கிறுக்கப் பயப்படுவார்கள். வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அக்கா எழுதித் தருவாள், இல்லாவிட்டால் செல்போனைப் பார்த்து எழுதி வருவார்கள். காலையில் பார்த்ததை வகுப்பிலேயே எழுதுவதாக இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. பஞ்சர் கடைத் தொட்டிக் குமிழியை எந்தச் செல்போனும் அவனுக்காகப் பார்த்துத் தராது.

அந்தப் பத்து நிமிடமும் நீங்களும் எழுத வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேசையில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு பிள்ளைகளை மட்டும் கவிதை எழுதச் சொன்னால், அது நம் அதிகாரத்தில் நடக்கும் இன்னொரு வேலையாகிவிடும். நீங்கள் எழுதி, அடித்து, மறுபடி எழுதுவதை அவர்கள் பார்க்கட்டும். கரும்பலகையில் எழுதினால் இன்னும் நல்லது. ஒரு நாள் நான் 'காக்கையின் கரிய சிறகு' என்று எழுதினேன். முன் பெஞ்சில் ஒரு பையன், "கரிய இல்ல சார், கழுத்துகிட்ட சாம்பல்" என்றான். சொல்லை மாற்றினேன். அன்றைக்கு அந்த வகுப்பில் ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது.

எழுத்துப் பிழையை என்ன செய்வது என்று நிச்சயம் கேட்பீர்கள். ஒவ்வொரு நோட்டிலும் ல, ள, ழவும் ர, றவும் இடம் மாறித்தான் கிடக்கும். கவிதை நோட்டில் சிவப்பு மை படக் கூடாது என்பது என் கட்சி. பிழையை விட்டுவிடுவதாகவும் அர்த்தம் இல்லை. நான் என் டைரியில் குறித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை இலக்கண வகுப்பில் அந்த வாரத்துச் சொற்களை, யார் எழுதியது என்று சொல்லாமல், பலகையில் எழுதித் திருத்துவோம். ஐந்தாறு வாரத்தில் நோட்டில் பிழை குறைவது கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அவை அவர்களுக்கு வேண்டிய சொற்கள். மதிப்பெண், நட்சத்திரம், 'நன்று' எதுவும் போட வேண்டாம். எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கேள்வி எழுதுங்கள். "அந்தப் பை அப்புறம் கிடைத்ததா?" என்று கேட்டேன். அடுத்த நாள் அதற்குப் பதிலே ஒரு கவிதையாக வந்தது.

பேச்சுத் தமிழையும் விடுங்கள். பாட்டி பேசுவதைப் பாட்டி பேசுகிற மாதிரியே எழுதட்டும். வட்டார வழக்கை எடுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அப்படியானால் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், வேண்டாமா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும், எனக்கு அதில் ஆசை அதிகம். பத்தாம் வகுப்பில் குறளை அலகிட, அதாவது அசை அசையாகப் பிரிக்க, சொல்லிக் கேள்வி வரும்போது முதல்முறையாகத் தேமா, புளிமா என்ற வாய்பாடுகளைப் பார்த்தால் அது கணக்கு மாதிரி பயமுறுத்தும். எட்டாம் வகுப்பிலேயே அதை விளையாட்டாக்கிவிடலாம். புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை. காய்கறிச் சந்தையில் தொடங்குங்கள். தக்காளி: தக், கா, ளி. நேர் நேர் நேர், தேமாங்காய். முருங்கைக்காய்: முருங், கைக், காய். நிரை நேர் நேர், புளிமாங்காய். கத்தரிக்காய்: கத், தரிக், காய். நேர் நிரை நேர், கூவிளங்காய். இட்லி தேமா, பரோட்டா புளிமா, மல்லிகை கூவிளம், மழைத்துளி கருவிளம். அப்புறம் ஆளுக்கு ஆள் தங்கள் பெயரை அலகிடுவார்கள். முருகனும் கவிதாவும் புளிமா, கண்ணனும் மாலாவும் தேமா. மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு ஒருவர் பெயரை ஒருவர் பிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். காது இப்படிப் பழகிய பிறகு சில பிள்ளைகள் தாங்களாகவே வெண்பாவுக்குப் போவார்கள், போகாதவர்களை இழுக்க வேண்டாம். பாரதியே அவ்வளவு யாப்பு கைவந்தும் வசன கவிதை எழுதினாரே. அதில் பந்தலில் தொங்கும் இரண்டு கயிற்றுத் துண்டுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைத்துப் பேசவிடுகிறார். இதைச் சொன்ன மறுநாள் எங்கள் வகுப்பு மின்விசிறிக்கும் டஸ்டருக்கும் பெயர் வந்துவிட்டது.

இனி நான் சொல்லப்போவதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

தினமும் எழுதும் பிள்ளை என்றைக்காவது ஒரு நாள் உண்மையை எழுதிவிடும். வீட்டுச் சண்டை, கடன், குடி, பயம். அந்த நாளுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். முதல் நாளே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: பக்கத்தை மடித்து வைத்தால் அதை யாரும் படிக்கமாட்டார்கள், நானும் படிக்கமாட்டேன். அதைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். ஒரே ஒரு தடவை மீறினாலும் மொத்த வகுப்பும் மறுபடி 'மரமே வரமே'வுக்குத் திரும்பிவிடும். வாசிக்கும்போதும் அப்படித்தான். விருப்பப்பட்டவர்கள் வாசிக்கலாம், யாரையும் எழுப்பி நிற்கவைக்கக் கூடாது. இன்னொன்றையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லுங்கள்: யாராவது உங்களுக்குத் தீங்கு செய்வதாக என்னிடம் காட்டினால், அதை நான் மனதிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன், உங்களிடம் சொல்லிவிட்டு உதவி தேடுவேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதவைத்துவிடுங்கள்.

ஒரு பையன் ஜூன் மாதத்திலிருந்து ஐந்து வாரம் தேதியை மட்டும் எழுதினான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறாவது வாரத்தில் மடித்த பக்கங்கள் வரத் தொடங்கின. தினமும் ஒன்று, நான்காக மடித்து. டிசம்பரில் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, என் மேசைக்கு வந்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். நாலு வரி. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. படித்துவிட்டு, "இதை என்ன செய்யலாம்?" என்று அவனையே கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் சார், நீங்க படிச்சாப் போதும்" என்று திரும்ப மடித்துக்கொண்டான்.

ஆண்டு முடிவில் நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடுவோம். ஆளுக்கு ஒரு கவிதை, அவரவர் தேர்வு, அவரவர் கையெழுத்து, நான் ஒன்றையும் நீக்கமாட்டேன். படம் வரையத் தெரிந்தவர்கள் ஓரத்தில் வரைவார்கள். தைத்து அட்டை போட்டு நூலக மேசையில் வைத்துவிடுவோம். அடுத்த வருடம் வரும் வகுப்புக்கு அதுதான் முதல் பாடநூல். என்னுடைய எந்த விளக்கத்தையும்விட, போன வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனோ அக்காவோ எழுதியது அவர்களை வேகமாக எழுதவைக்கும். அந்த வருடம் அந்தப் பையனும் ஒன்று கொடுத்தான். வீட்டில் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்து விழுவதைப் பற்றி ஐந்து வரி. மடித்த பக்கங்கள் எல்லாம் நோட்டிலேயே இருந்தன. விடுமுறைக்குப் போகும்போது அந்த நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான்.